மூட்டுவலி நாய்க்குப் பாசி எண்ணெய்

கேள்வி: எங்கள் லேப்ரடாருக்கு வயது 9, எடை 30 கிலோ. இடுப்பு மூட்டு தேய்ந்திருப்பதாக எக்ஸ்ரேயில் தெரிந்தது. காலையில் எழுந்திருக்கவே திணறுகிறான். இரண்டு மாதமாக ஸ்பைருலினா என்ற பாசிப் பொடியைச் சாப்பாட்டில் கலந்து தருகிறேன், பலனில்லை. அளவைக் கூட்டலாமா, டாக்டர்?

பதில்: கூட்ட வேண்டாம், பொருளையே மாற்றுங்கள். மூட்டு அழற்சியைத் தணிக்க உதவுபவை ஈ.பி.ஏ., டி.ஹெச்.ஏ. என்ற இரண்டு ஒமேகா-3 கொழுப்புகள். ஸ்பைருலினாவிலும், குளோரெல்லா என்ற இன்னொரு பாசியிலும் இவை இல்லை என்றே சொல்லலாம். ஸ்கைசோகைட்ரியம் போன்ற கடல் நுண்பாசியின் எண்ணெயில்தான் நிறைய உண்டு. ஆளிவிதை எண்ணெயும் ஈடாகாது. அதிலுள்ள ஒமேகா-3-ஐ நாயின் உடம்பு மிகக் கொஞ்சமாகத்தான் ஈ.பி.ஏ.வாக மாற்றிக்கொள்ளும்.

வாங்கும்போது பாட்டிலின் பின்பக்கத்தைப் படியுங்கள். முன்னால் பெரிதாக இருக்கும் 1000 மி.கி. என்பது ஒரு கேப்ஸ்யூலில் உள்ள மொத்த எண்ணெயின் எடை. பின்னால் ஈ.பி.ஏ. 150, டி.ஹெச்.ஏ. 300 என்றிருந்தால் நமக்குக் கணக்கு 450 மட்டுமே. டி.ஹெச்.ஏ. மட்டும் உள்ள பாசி எண்ணெய்களும் விற்கின்றன. மூட்டுக்கு இரண்டும் உள்ளதே நல்லது. மனிதர்களுக்கான மெல்லும் மிட்டாய் (gummy) வகை வேண்டவே வேண்டாம். அதில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருந்தால் நாயின் உயிருக்கே ஆபத்து.

மூட்டுத் தேய்மானத்துக்கு, இரண்டும் சேர்த்து கிலோவுக்குச் சுமார் 100 மி.கி. வரை தருவது வழக்கம். உங்கள் நாய்க்கு அது 3000 மி.கி.; மேலே சொன்ன கேப்ஸ்யூலில் 6 (2700 மி.கி.) போதும். ஆனால் முதல் நாளே ஆறையும் கொடுத்தால் வயிற்றுப்போக்குதான் வரும். முதல் வாரம் தினம் 1, பிறகு வாரத்துக்கு ஒன்றாகக் கூட்டுங்கள். மலம் இளகினால் முந்தைய அளவுக்குத் திரும்பி, சில நாள் அதே அளவில் தொடருங்கள். ஆறு கேப்ஸ்யூலில் ஏறக்குறைய 54 கலோரி சேரும். அதற்கேற்பச் சாப்பாட்டைக் குறையுங்கள். எடை ஏறினால் எண்ணெய் தரும் நன்மையை மூட்டின் மேல் விழும் பாரம் தின்றுவிடும்.

உணவு ஆறிய பிறகே எண்ணெயைச் சேருங்கள். அவ்வப்போது ஒரு கேப்ஸ்யூலைக் குத்தி முகர்ந்து பாருங்கள். பெயின்ட் போலக் காறல் வாடை வந்தால் பாட்டிலோடு தூக்கி எறியுங்கள். கணைய அழற்சி வந்த நாய் என்றாலோ, அறுவை சிகிச்சை நெருங்கினாலோ, மருத்துவரைக் கேட்காமல் தரக்கூடாது.

பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். இன்றே, அவன் காலையில் எழுந்து முதல் பத்தடி நடப்பதை செல்போனில் படம் பிடியுங்கள். மாதம் ஒருமுறை அதே இடத்தில் மறுபடி எடுத்து ஒப்பிடுங்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்கு மாற்றம் பிடிபடாது. அதுவரை மருத்துவர் தந்த வலி மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நாம் சாப்பிடும் வலி மாத்திரையையும் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: கடல்பாசிப் பொடி, குளத்துப் பாசி தரலாமா?

பதில்: கெல்ப் போன்ற கடல்பாசியில் அயோடின் மிக அதிகம், தினமும் தந்தால் தைராய்டு கெடலாம். குளத்தில் படரும் நீலப்பச்சைப் பாசியின் நச்சு, கல்லீரலைத் தாக்கி நாயைச் சீக்கிரமே கொன்றுவிடும். அந்தத் தண்ணீரில் இறங்கிவிட்டால், ரோமத்தை நக்குவதற்குள் நல்ல தண்ணீரில் குளிப்பாட்டி, உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.