மருந்து அடிப்பவர்களின் ரத்தப் பரிசோதனை: கேள்வி – பதில்

கேள்வி: பருத்திக்கு மருந்து அடித்து முடித்தபின் ரத்தம் கொடுத்தேன். கோலினெஸ்டரேஸ் 5,500. ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று போட்டிருக்கிறது. பயமில்லையே?

பதில்: அந்த ஒரு தாளை வைத்துச் சொல்ல முடியாது. கோலினெஸ்டரேஸ் என்பது நரம்பு வேலைக்கு வேண்டிய நொதி; சில பூச்சிமருந்துகள் அதை முடக்கிவிடும். ஆய்வகங்கள் போடும் நார்மல் ஏறக்குறைய 5,000 முதல் 12,000 வரை. உங்கள் சொந்த அளவு 11,000 என்றால் பாதி நொதி முடங்கிவிட்டது. 6,000 என்றால் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. மருந்து தொடாமல் ஒரு மாதம் இருந்து, சீசனுக்கு முன்பே எடுத்துவைத்த அளவு வேண்டும். அதே ஆய்வகத்தில் எடுத்ததாகவும் இருக்க வேண்டும். கலிபோர்னியாவில் 1970-களிலிருந்தே இப்படித்தான். சொந்த அளவில் 20% குறைந்தால் வேலைமுறையைச் சோதிப்பார்கள். ரத்தச் சிவப்பணுவில் உள்ள நொதி 30% அல்லது பிளாஸ்மாவில் (ரத்தத்தின் நீர்ப்பகுதியில்) உள்ள நொதி 40% குறைந்தால் ஆளை மருந்திலிருந்து விலக்குவார்கள். சொந்த அளவில் 80%-க்குத் தேறினால்தான் மறுபடி தெளிப்பான் கையில். நம் ஊரில் கூலிக்கு அடிப்பவருக்கு யார் இதை எடுத்துவைக்கிறார்கள்? அமர்த்துகிறவர்தான் செலவை ஏற்க வேண்டும்.

இன்னொன்று: உங்களுக்குப் பார்த்தது பிளாஸ்மா நொதியாக இருக்கும். அது சீக்கிரம் விழும், சில வாரங்களில் தேறியும்விடும். நரம்பில் நடப்பதை நெருங்கிக் காட்டுவது சிவப்பணு நொதி. நாளுக்குச் சுமார் 1% தான் ஏறும். அதையும் கேட்டு எடுங்கள்.

கேள்வி: மருந்து அடித்தால் தலைவலி, வாந்தி. என்ன டெஸ்ட் எடுக்கலாம்?

பதில்: எந்த மருந்து? அதை எழுதாமல் கேட்டால் நான் எதைச் சொல்வது? பாட்டிலை, குறைந்தது லேபிளையாவது, மருத்துவரிடம் கொண்டுபோங்கள். கண்பாவை சுருங்கி, எச்சில் வழிந்து, தசை துடித்தால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி. அட்ரோபின் என்ற முறிமருந்து கொடுப்பதில் தாமதிக்கக் கூடாது.

கேள்வி: கிளைபோசேட் களைக்கொல்லி மட்டும் அடிக்கிறேன். கோலினெஸ்டரேஸ் டெஸ்ட் தேவையா?

பதில்: தேவையில்லை. அது இந்த நொதியைத் தொடாது. பாராகுவாட் களைக்கொல்லியும் அப்படியே, ஆனால் அது நுரையீரலைக் கெடுக்கும்.

கேள்வி: மெத்தோமில் அடித்து மயங்கியவருக்கு மறுநாள் ரிசல்ட் நார்மல். எப்படி?

பதில்: மெத்தோமில் கார்பமேட் வகைப் பூச்சிமருந்து. அந்த வகை சில மணி நேரத்தில் நொதியை விட்டுவிடும், எடுத்துவைத்த ரத்தத்திலும் விடும். உடனே எடுத்து, ஐஸில் வைத்து, தாமதிக்காமல் சோதித்தால்தான் அகப்படும். இதற்கும் பாட்டில் வேண்டும்.

கேள்வி: ஒரே குளோர்பைரிபாஸ்தான் அடிக்கிறோம். எனக்கு மட்டும் ஏன் அதிகம் தாக்குகிறது?

பதில்: முதலில் கையுறையையும் ஒழுகும் டேங்க்கையும் பாருங்கள். பாராக்ஸோனேஸ் என்ற நொதியும் ஒரு காரணமாகலாம். குளோர்பைரிபாஸ் ஈரலில் மாறி உருவாகும் விஷ வடிவத்தை ரத்தத்தில் உடைப்பது அது. ஆளுக்கு ஆள் பல மடங்கு வேறுபடும். கைக்குழந்தைகளுக்கு மிகக் குறைவு. மருந்துச் சட்டையோடு பிள்ளையைத் தூக்காதீர்கள்.

கேள்வி: பால் குடித்தால் விஷம் முறியுமா?

பதில்: முறியாது. உடுப்பைக் கழற்றி, சோப்பு போட்டுத் தலையோடு குளியுங்கள். தெளிப்பவருக்கு மருந்து பெரும்பாலும் தோல் வழியாகத்தான் ஏறுகிறது.