பெயர் இல்லாத ராயல் ரெட் கிராஸ்: போலியா?

பிரிட்டிஷ் போர்ப் பதக்கத்தோடு தொகுப்பாக விற்பனைக்கு வந்த வெள்ளி ராயல் ரெட் கிராஸில் (ராணுவச் செவிலியர் சேவைக்கான பிரிட்டிஷ் விருது) பெயர் இல்லை, பின்புறம் 1883 என்று இருக்கிறது, போலியா என்று கேட்டிருக்கிறீர்கள். போலி என்று சொல்லிவிட முடியாது. முதல் உலகப் போர்க்கால ராயல் ரெட் கிராஸ் பெயர் பொறிக்காமலேயே வழங்கப்பட்டது. நீங்கள் பின்புறம் பார்த்த 1883 விருது பெற்ற ஆண்டல்ல; விக்டோரியா மகாராணி விருதை நிறுவிய ஆண்டு. பலரும் வழுக்கி விழும் இடம் இது.

இரண்டாம் வகுப்பு வெள்ளி, 1915-இல் சேர்க்கப்பட்டது. அதில் நம்பிக்கை (Faith), எதிர்பார்ப்பு (Hope), அன்பு (Charity) என்ற ஆங்கிலச் சொற்களும் 1883-உம் சிலுவையின் பின்புறக் கைகளில் இருக்கும். முதல் வகுப்பில் அவை முன்புறம், சிவப்பு எனாமல் மேல். உங்களுடையது வெள்ளி என்பதால் இரண்டாம் வகுப்புதான்.

இப்போது பின்புறக் கீழ்க்கையைப் பாருங்கள். அங்கே தனியாக வேறோர் ஆண்டு பொறித்திருந்தால் அது 1938-க்குப் பிந்தையது. 1914-18 பதக்கங்களோடு அது சேர்ந்திருப்பது சந்தேகத்துக்குரியது.

பெயரைக் கண்டுபிடிக்க, கூட இருக்கும் பிரிட்டிஷ் போர்ப் பதக்கத்தின் விளிம்பை லென்ஸ் வைத்துப் பாருங்கள். பெயர் கிடைத்தால்:

1. பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெசட்டில் அந்தப் பெயருக்கு விருது அறிவிப்பு உண்டா என்று தேடுங்கள்.
2. லண்டன் கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. (WO) 399 என்ற ஆவண வரிசையில் ராணுவச் செவிலியரின் பணிக் கோப்பைத் தேடுங்கள். வி.ஏ.டி. (தன்னார்வ உதவிப் பிரிவு) தன்னார்வலர் என்றால் அங்கே தேடிப் பயனில்லை. அவர்களின் அட்டைகள் பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடம்.

விளிம்புப் பெயர் போர்ப் பதக்கத்துக்கு மட்டுமே சாட்சி. பெயரில்லாத சிலுவையை யார் வேண்டுமானாலும் பக்கத்தில் கோத்து விலை ஏற்றலாம். கெசட்டில் அறிவிப்பு இல்லையென்றால் இரண்டும் ஒருவருடையவை என்ற தொகுப்பு விலை கொடுக்காதீர்கள். பாலிஷ் போடவும் வேண்டாம், விளிம்பு எழுத்து தேய்ந்துவிடும்.