மட்டக்களப்பில் கடை கட்டும்போது மாற்றுத்திறனாளிகளுக்குத் தனி வாகனத் தரிப்பிடம் ஒதுக்க வேண்டுமா?

திருமலை வீதியில் கடை கட்டவிருக்கும் நண்பர் கேட்ட கேள்வி இது. ஒதுக்குவதே சரி. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் இலங்கையின் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், பொதுமக்கள் சென்றுவரும் எந்தக் கட்டடத்திலும் மாற்றுத்திறனாளி ஒருவருக்கு அவருடைய இயலாமையைக் காரணம் காட்டித் தடையோ நிபந்தனையோ விதிக்கக் கூடாது என்கிறது. அந்தச் சட்டத்தின் கீழ், அணுகும் வசதிகளுக்கான ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. ஆகவே வரைபடத்தை மாநகர சபையில் ஒப்படைக்கும் முன்பே தரிப்பிடத்தையும் அதில் குறித்துவிடுங்கள்.

பலர் தவறுவது அகலத்தில்தான். கார்க் கதவை முழுதாகத் திறந்து, சக்கர நாற்காலியை அருகே நிறுத்தி, இருக்கையிலிருந்து அதற்கு மாறுவதற்குப் பக்கத்தில் வெற்றிடம் வேண்டும். அமெரிக்க விதியில் கார் நிற்கக் குறைந்தது 2.44 மீற்றர் அகலமும், அதன் பக்கத்தில் 1.52 மீற்றர் வெற்றிடமும் வேண்டும். இதை நல்ல அளவுகோலாகக் கொள்ளலாம்.

நம் ஊரில் பக்கச் சில்லு பூட்டிய ஸ்கூட்டரில் வருவோரையும் நினைவில் வையுங்கள். தரை சமமாக, கொங்கிரீட்டாக இருக்கட்டும். கிறவலிலும் மணலிலும் நாற்காலியின் முன்சில்லு புதைந்துவிடும். அங்கிருந்து வாசல் வரை படி குறுக்கிடக் கூடாது. நான் பார்த்த ஒரு கடையில் மஞ்சள் கோடு அழகாக இருந்தது, ஆனால் அதன்மேல் சோடாப் பெட்டிகள் அடுக்கியிருந்தார்கள். வந்தவர் வீதியோரத்திலேயே காத்திருந்தார். அந்த இடத்தை நாள்தோறும் வெறுமையாக வைத்திருக்கும் பொறுப்பை ஊழியர் ஒருவரிடம் கொடுங்கள்.