விறாந்தைப் பத்தி இறக்க ஆறு இலட்சம் போதுமா?

கேள்வி: ஐயா, திருகோணமலை அலஸ்தோட்டத்தில், கடற்கரையிலிருந்து இருநூறு மீற்றர் அளவில் எங்கள் வீடு. ஓட்டுக் கூரை. முன்பக்கம் தாழ்வாரமும் மூன்று படியும்தான் உண்டு. தரை நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயரம். 16 அடிக்கு 10 அடியில் விறாந்தை எடுக்க விருப்பம். மாமி இப்போது சக்கர நாற்காலியில் இருக்கிறா, பின்னேரங்களில் அவவை வெளியே இருத்த வேண்டும். கையில் ஆறு இலட்சம் இருக்கிறது. மேசன் பாஸ் கொங்கிறீற் பிளாற் போடச் சொல்கிறார், என் வீட்டுக்காரர் கூரைச் சீற் போதும் என்கிறார். ஐப்பசியில் தொடங்கலாமா? பாஸ் எழுதித் தந்த கணக்கையும் படத்தையும் இணைத்திருக்கிறேன்.
– ஓர் ஆசிரியை, அலஸ்தோட்டம்

பதில்: தங்கச்சி, படத்தைப் பார்த்ததும் மாமியைத்தான் தேடினேன். மூன்று பக்கமும் அரைச்சுவர், முன்னால் மூன்றடி வாசல், பழையபடி மூன்று படி. அவ விறாந்தை வரை வரலாம், முற்றத்துக்கு இறங்க முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் இரண்டு பேர் தூக்க வேண்டிவரும். நாற்காலிச் சாய்தளத்துக்கு ஓர் அங்குல உயரத்துக்கு பன்னிரண்டு அங்குல நீளம் வேண்டும். உங்கள் ஒன்றரை அடிக்கு அது 18 அடி. கேற்றை நோக்கி நேரே இறக்கினால் முற்றம் போய்விடும். ஆகவே விறாந்தையின் பக்கவாட்டில் வாசல் விட்டு, வீட்டுச் சுவரோரமாகப் பின்நோக்கி இறக்குங்கள். அகலம் மூன்றரை அடி, சொரசொரப்பான சீமெந்துப் பூச்சு, ஓரத்தில் ஒரு கைபிடிக் குழாய். இதைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டால் அரைச்சுவரை உடைத்துத்தான் செய்ய வேண்டும்.

கூரையில் உங்கள் வீட்டுக்காரர் சொல்வது சரி. ஐந்து அங்குல பிளாற் இந்த அளவுக்கு ஏறக்குறைய நாலரைத் தொன் வரும். அதற்கு அத்திவாரமும் தூணும் கம்பியும் எல்லாம் பெருக்கும். ஆனால் சீற்றைத் தாழ்வார நுனியிலிருந்து இறக்க விடாதீர்கள். நுனி எட்டடி உயரம் என்று படத்தில் இருக்கிறது. பத்துப் பாகைச் சரிவில் பத்தடி போனால் ஒன்றேமுக்கால் அடி இறங்கும். மற்றத் தலைப்பு ஆறேகால் அடி. உயரமான ஆளுக்கு நெற்றி முட்டும். தாழ்வாரத்தைச் சுவர் வரை வெட்டிவிட்டு, சுவரில் வளை (குறுக்குச் சட்டம்) பொருத்தி, ஓட்டுக்குக் கீழே முக்கால் அடி சீற்றை உள்ளே கொடுத்துத் தொடங்கினால் உயரமும் கிடைக்கும், ஒழுக்கும் வராது. இந்தப் பொருத்துக்குச் செலவழிக்கத் தயங்க வேண்டாம். புதுச் சுவரைப் பழைய சுவரோடு கட்டிப் பிடிக்கவும் வேண்டாம். புது அத்திவாரம் தன்பாட்டில் கொஞ்சம் இறங்கும், அரை அங்குல இடைவெளி விட்டால் வெடிப்பு வராது.

திறந்த விறாந்தைக் கூரைக்குள் காற்றுப் புகுந்தால் மேலே தூக்கும். 2020 மார்கழியில் புரேவிப் புயல் நம் கரையால்தான் ஏறியது. தூண் வார்க்கும்போதே மேல்நுனியில் கம்பி விட்டு, வளையை அதில் இறுக்கச் சொல்லுங்கள்.

இனிக் காசு. பாஸின் தாளில் சீமெந்து, மணல், கல், கம்பி, கூலி மட்டும் இருக்கிறது. அடிப்புப் பலகை, முட்டு வாடகை, பீலி, லைற் வயர், பெயின்ற் ஒன்றும் இல்லை. தரை நிரப்பும் கிரவலும் இல்லை. மூன்றங்குல கொங்கிறீற்றைக் கழித்தாலும் 200 கன அடி, அதாவது இரண்டு கியூப் நிரப்ப வேண்டும். தண்ணீர் விட்டு இடித்து இறுக்கும்போது இரண்டரை கேட்கும். இப்படி எழுதாமல் விட்டவைதான் பாதி வேலையில் கடன் வாங்க வைக்கும். ஆளும் பொருளும் பிரித்து இன்னும் இரண்டு பாஸ்மாரிடம் கணக்குக் கேளுங்கள். ஐந்து இலட்சத்துக்குள் வேலையை அடக்கி, ஒரு இலட்சத்தைத் தொடாமல் வையுங்கள். அடங்காவிட்டால் பத்தடியை எட்டடி ஆக்குங்கள், ரைல்ஸையும் கிறிலையும் அடுத்த வருடத்துக்குத் தள்ளுங்கள். அத்திவாரத்தையும் கூரைப் பொருத்தையும் சாய்தளத்தையும் குறைக்க வேண்டாம். முற்பணமாக அள்ளிக் கொடுக்காமல் அத்திவாரம், தூண், கூரை என்று முடிய முடியக் கொடுங்கள்.

மணல் ஆற்று மணலாகவே இருக்கட்டும். கடல் மணலின் உப்பு உள்ளே கம்பியைத் தின்னும். இறக்கும்போது நாக்கில் ஒரு துளி வைத்துப் பாருங்கள்.

ஐப்பசியில் கிடங்கு வெட்டினால் வாடை மழை அதை நிரப்பிவிடும். மாசியில் தொடங்குங்கள். அதுவரை சீமெந்து வாங்கி அடுக்க வேண்டாம், ஈரக் காற்றில் கட்டிபட்டுப் போகும். இந்த மாதங்களில் அனுமதி வேலையைப் பாருங்கள். பிரதேச சபையோடு முடியாது: கடலிலிருந்து 300 மீற்றருக்குள் இருப்பதால் கரையோரம் பேணல் திணைக்களத்திலும் கேட்க வேண்டும். உறுதியும் நில அளவைப் படமும் இரண்டு இடத்திலும் கேட்பார்கள், பிரதிகளை இப்போதே எடுத்து வையுங்கள்.