வங்கியில் மட்டும் நடுங்கும் கை

கேள்வி: எனக்கு 46 வயது. தையல் வேலை செய்கிறேன். வீட்டில் ஊசியில் நூல் கோக்க ஒரு சிரமமும் இல்லை. வங்கியில் கவுன்ட்டர் முன்னால் கையெழுத்துப் போடும்போது மட்டும் கை உதறுகிறது. கையெழுத்து ஒத்துவரவில்லை என்று சலானைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மூளையில் ஏதும் கோளாறா டாக்டர்? பக்கத்து வீட்டு அக்கா, தான் சாப்பிடும் படபடப்பு மாத்திரையைப் போட்டுக்கொண்டு போகச் சொல்கிறார். எனக்கு வீசிங் உண்டு, ஸ்ப்ரே அடிக்கிறேன்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தென்காசி

பதில்: அந்த மாத்திரையைத் தொடாதீர்கள் அம்மா. படபடப்புக்குப் பலர் சாப்பிடும் புரோப்ரனலால், மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். வீசிங் உள்ளவருக்கு ஒரு மாத்திரையே ஆபத்தாகலாம்.

சரி, கைக்கு வருவோம். நூல் கோக்கிற கை என்று எழுதினீர்களே, அதிலேயே எனக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. நடுக்கமே இல்லாத கை கிடையாது. எல்லோர் கையும் நொடிக்கு 8 முதல் 12 முறை மெல்ல அதிர்கிறது. கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். பயம் வந்ததும் ரத்தத்தில் அட்ரினலின் என்ற ஹார்மோன் ஏறுகிறது. அது தசையில் தான் வந்து ஒட்டும் இடங்களான பீட்டா-2 ஏற்பிகளைத் தூண்டி அந்த அதிர்வைப் பெரிதாக்குகிறது. உங்கள் ஸ்ப்ரேயில் மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்து இருந்தால் அதுவும் இதே ஏற்பிகளைத்தான் தூண்டும். ஸ்ப்ரே அடித்த உடனே வங்கிக்குப் போனால் உதறல் கூடலாம். அதற்காக ஸ்ப்ரேயை நிறுத்திவிடாதீர்கள்.

இன்னொன்றும் நடக்கிறது. பல வருடம் போட்டுப் பழகிய கையெழுத்தை சிறுமூளையும் மூளைக்குள் இருக்கும் பேசல் கேங்லியா என்ற பகுதியும் ஒரே வீச்சாக நடத்திவிடும். நாம் யோசிப்பதே இல்லை. ‘இந்தத் தடவையாவது ஒத்துவரணுமே’ என்று எழுத்தெழுத்தாகப் பார்க்க ஆரம்பித்தால் அந்த வீச்சு உடைகிறது. விரலை மடக்கும் தசையும் நீட்டும் தசையும் ஒரே நேரத்தில் இறுகுகின்றன. பேனாவை அழுத்திப் பிடித்தால் இன்னும் மோசம்.

முழங்கை வரை மேசையில் வையுங்கள். பேனாவைத் தளர்வாகப் பிடித்து, மூச்சை நிதானமாக வெளியே விட்டுக்கொண்டே வழக்கமான வேகத்தில் போடுங்கள். அன்று காபி வேண்டாம். சலானைத் திருப்பித் தந்தவர்கள், புதிய மாதிரிக் கையெழுத்தைப் பதிந்துகொள்ளலாம் என்றாவது சொல்லியிருக்க வேண்டும். நீங்களே கேளுங்கள், எழுதிக் கொடுத்தால் செய்வார்கள்.

இப்போது ஸ்கேன் தேவையில்லை. உடல் இளைக்கிறது, வீட்டிலும் படபடப்பு என்றால் தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மடியில் சும்மா கிடக்கும்போதும் கை ஆடினாலோ, வீட்டில் டீ டம்ளர் தளும்பினாலோ நரம்பியல் மருத்துவரை நேரில் பாருங்கள்.