யாழ் ‘யாரு’ ஆன கதை

அன்புள்ள ஐயா,

மட்டக்களப்பு, கல்லடியிலிருந்து எழுதுகிறேன். பெயரைப் போட வேண்டாம். போன மாதம் சிங்கப்பூரில் அண்ணா வீட்டில் நின்றபோது, சன்டெக் மண்டபத்தில் நடந்த மங்கா (ஜப்பானியப் படக்கதை) ரசிகர் விழாவுக்குப் போனேன். பத்து வருடமாக நான் வாசிக்கும் தொடரை வரைபவர் வந்திருந்தார். குலுக்கலில் எனக்கும் கையெழுத்து வாங்க நம்பர் துண்டு விழுந்தது. மூன்று இரவு பாடமாக்கிய ஜப்பானிய வசனம் அவர் முன்னால் போனதும் மறந்துவிட்டது. கிடைத்த ஒரு நிமிடமும் ஊமை மாதிரி நின்றேன். போட்டோ எடுக்கவும் விடவில்லை. அட்டையில் என் பெயரைப் பிழையாக எழுதித் தந்தார்; விபுலாநந்த அடிகளை நினைத்து அப்பா வைத்த பெயர். அட்டையின் படத்தை இத்துடன் அனுப்புகிறேன். ‘26 வயதில் பொம்மைக் கதைக்காரனைப் பார்க்கக் கியூவில் நின்றாயா’ என்று வீட்டில் சிரிக்கிறார்கள். இன்னொன்றும் இருக்கிறது. இத்தனை வருடமும் யாரோ களவாக ஏற்றிய பக்கங்களைத்தான் போனில் வாசித்தேன். அதனால்தான் வாய் எழவில்லையோ தெரியாது. என்னைப்போல வந்து நிற்கும் வாசகரைப் பற்றி ஓர் எழுத்தாளராக நீங்கள் என்ன நினைப்பீர்கள்?

– ஒரு வாசகி


அன்புள்ள மகளுக்கு,

என்னிடம் வருபவர்களில் பேசாமல் நிற்பவர்களைத்தான் எனக்குப் பிடிக்கும். பேசுபவர்களில் பாதிப் பேர் கடைசியில் பையைத் திறந்து தங்கள் கவிதைத் தொகுப்பை எடுப்பார்கள்.

எனக்குப் பத்து வயதிருக்கும். வந்தாறுமூலையில் விடிய விடிய வடமோடிக் கூத்து. அருச்சுனனாக ஆடியவரை இமை கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். கரப்புடுப்பும் சதங்கையும் கட்டி அவர் களரிக்குள் வந்த வரவு இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. விடிந்ததும் அவரைத் தேடிப் போனேன். தேத்தண்ணிக் கடை வாங்கில் சாரத்தோடு உட்கார்ந்திருந்தார். காதோரம் அரிதாரம் முழுதாகப் போயிருக்கவில்லை. என்னென்னவோ கேட்க வேண்டும் என்று போனவன் மரம் மாதிரி நின்றேன். அவர் ஒருதரம் பார்த்தார். ‘என்ன மனே, தேத்தண்ணி குடிக்கிறியா?’ என்றார். குடித்தேன். அவ்வளவுதான். அவர் கையில் வலை கிழித்த தழும்புகள் இருந்தது எனக்கு இன்னும் ஞாபகம். வாயைத் திறந்திருந்தால் அதைக் கவனித்திருப்பேனா என்று தெரியவில்லை.

உங்கள் ஆளின் பக்கத்திலிருந்தும் பாருங்கள். ஜம்ப் மாதிரியான ஜப்பானிய மங்கா வார இதழில் வரைபவருக்கு வாரம் 19 பக்கமளவு முடித்தாக வேண்டும். உதவியாளர்கள் இருந்தாலும் தப்பிக்க வழியில்லை; கதையும் முகங்களும் அவர் கையிலிருந்துதான் வர வேண்டும். வாசகர்கள் அவருக்கு எண்களாகத்தான் வந்து சேர்கிறார்கள். எந்தக் கதை பிடித்தது என்று வாசகர் போடும் வாக்குகளை முக்கியமாக வைத்துத்தான் ஒரு தொடரை ஓடவிடுவதா நிறுத்துவதா என்று ஜம்ப்பில் பார்ப்பார்கள். வருடம் முழுக்க மேசையில் குனிந்திருந்தவருக்கு முன்னால், தன்னைக் கண்டதும் பேச்சு நின்றுபோன ஒரு பிள்ளை வந்து நிற்கிறது. பாடமாக்கிய வசனத்தை அன்று அவர் பத்துப் பேரிடமாவது கேட்டிருப்பார்.

போட்டோவுக்குக் கவலைப்படாதீர்கள். மங்கா வரைபவர்களில் பலர் முகம் காட்டுவதில்லை. ‘டீமன் ஸ்லேயர்’ என்ற மங்காவை வரைந்த கொயோஹாரு கொதோகே தன்னைக் கண்ணாடி போட்ட முதலையாகத்தான் வரைந்து காட்டுகிறார். நாளைக்கு ரயிலில் ஏறினால் யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது, அதுதான் காரணம். வீட்டில் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். டோக்கியோவில் 1975 டிசம்பரில் கொமிக்கெட் என்ற ரசிகர் சந்தை தொடங்கியபோது 32 குழுக்கள்தான் மேசை போட்டன, வந்தவர்கள் 700 பேரளவில். இன்று அதற்கு லட்சக்கணக்கில் போகிறார்கள். அவர்கள் வீடுகளிலும் யாரோ சிரித்திருப்பார்கள்தான்.

சரி, பெயருக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய படத்தை ஜப்பானிய மொழி தெரிந்த நண்பரிடம் காட்டினேன். வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அந்த எழுத்தில் லகரத்துக்கும் ரகரத்துக்குமே வித்தியாசம் கிடையாது, ழகரத்துக்கு எங்கே போவது? உங்கள் பெயரிலுள்ள யாழ் ‘யாரு’ ஆகிவிட்டது. விபுலாநந்த அடிகளை நினைத்து அப்பா வைத்த பெயர் என்று எழுதியிருந்தீர்கள். 1947இல் தமிழிசை ஆய்வான யாழ்நூலைத் தந்தவரின் சமாதி இருக்கிற கல்லடி உப்போடையில், யாழைப் பார்த்து ‘யாரு’ என்று கேட்கும் ஓர் அட்டை! அடிகளே சிரித்திருப்பார். பெயரெழுதிக் கொடுப்பது அங்கே வழக்கம். அட்டையை வாங்கியவர் மறுநாளே விற்றுவிடக் கூடாது என்பதும் அதில் ஒரு கணக்கு. உங்களுடையதை எவன் வாங்குவான்? ‘யாரு’ உங்களுக்கு மட்டும்தான் பொருந்தும்.

களவாக வாசித்த விஷயத்தில் உங்களுக்குச் சமாதானம் சொல்ல மாட்டேன். அது களவுதான். நானும் கள்ளன். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வரத் தொடங்கியது. அதில் வந்த இரும்புக்கை மாயாவி புத்தகம் ஒன்றை ஒரு சலூனிலிருந்து சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தேன். தலைமயிர் வெட்டிய காசை மட்டும் கொடுத்தேன். புத்தகத்தில் வரைந்தவர் பெயரைத் தேட வேண்டும் என்றுகூட அன்று தோன்றவில்லை. ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானியர் அவர் என்று நான் அறிந்தபோது எனக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. அவர் 1995லேயே இறந்துபோயிருந்தார். ஆயிரம் தடவை பார்த்த கோடுகள். போட்ட மனிதருக்கு ஒரு தபாலட்டைகூட எழுத முடியவில்லை. உங்களுக்கு அவர் பெயர் தெரியும். முன்னால் போய் நின்றும் விட்டீர்கள். அந்த ஒரு நிமிடத்தில் களவை ஒப்புக்கொண்டிருந்தால், பாரத்தை அவர் தலையில் வைத்துவிட்டு வந்ததாகத்தான் இருந்திருக்கும்.

கடனைக் கொஞ்சம் கொஞ்சமாக அடையுங்கள். ஜம்ப்பை வெளியிடும் ஷூயெய்ஷா 2019இல் மங்கா பிளஸ் என்று ஒரு செயலி கொண்டுவந்தது. தொடர்களின் முதல் சில அத்தியாயங்களும் புதிதாக வந்தவையும் ஆங்கிலத்தில் இலவசம். இங்கேயும் திறக்கும். இனிப் புதியதை அதில் வாசியுங்கள். அண்ணா வரும்போது ஒவ்வொரு தொகுதியாக வாங்கிவரச் சொல்லுங்கள். முதலாவது தொகுதியிலிருந்து.

அப்புறம், அட்டையை லமினேட் பண்ணிவிடாதீர்கள். கண்ணாடிச் சட்டம் போடுவதென்றால் கண்ணாடி மையில் முட்டாதபடி நடுவில் இடைவெளி விட்டுப் போடச் சொல்லுங்கள். கடல் பார்த்த ஜன்னல் பக்கம் வேண்டாம், வெயில் மையை வெளிறவைத்துவிடும், உப்புக் காற்றின் ஈரம் அட்டையைக் கெடுத்துவிடும். உள்ளறைச் சுவர்தான் நல்லது.