அலமாரி மேல் துப்பாக்கி, அடுத்த அறையில் பிள்ளைகள்

கேள்வி: என் அப்பாவுக்கு 74 வயது. மலையடிவாரத்தில் தோட்டம் இருப்பதால் 30 வருடங்களுக்கும் மேலாக உரிமம் பெற்ற 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருக்கிறார். உரிமம் நடப்பில் உள்ளது. கணவர் வெளிநாட்டு வேலைக்குப் போனதால் 4, 7 வயதுப் பிள்ளைகளோடு நான் அப்பா வீட்டுக்கு வந்துவிட்டேன். துப்பாக்கி அவர் படுக்கையறை அலமாரியின் மேல் கிடக்கிறது, அதுவும் தோட்டா போட்டபடி. கேட்டால், "காட்டுப்பன்றி வந்தால் தேடிக்கொண்டிருக்க முடியுமா? பிள்ளைகளுக்கு எட்டாது, தொடக்கூடாதென்று சொல்லியும் வைத்திருக்கிறேன்" என்கிறார். சமீபமாக அவருக்கு மறதியும் கூடியிருக்கிறது. ஏதாவது நடந்துவிட்டால் வழக்கு யார் மேல் வரும்? பேசாமல் நானே எடுத்து என் பீரோவில் வைத்துப் பூட்டிவிடலாமா? அண்ணன் பெயருக்கு மாற்ற வழி உண்டா?

பதில்: பூட்டுவது சரி. ஆனால் உங்கள் பீரோவில், உங்கள் சாவியில் வேண்டாம். பாதுகாப்பு என்று நினைத்துக் குடும்பத்தார் முதலில் செய்வது இதைத்தான். சட்டத்தின் கண்ணில் இது வேறொரு குற்றமாகிவிடும்.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 3ஆம் பிரிவுப்படி உரிமம் ஆளுக்குத்தான், வீட்டுக்கு அல்ல. அப்பாவின் உரிமம் மகளுக்குப் பாயாது. துப்பாக்கியைக் கையில் பிடித்திருந்தால்தான் 'வைத்திருத்தல்' என்று பலர் நினைக்கிறார்கள். குன்வந்த்லால் எதிர் மத்தியப் பிரதேச அரசு (1972) வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: ஆயுதம் இருப்பது தெரிந்து, அதன் மேல் ஆளுகையும் இருந்தால், பொருள் கையில் இல்லாவிட்டாலும் அது வைத்திருத்தல்தான். உங்கள் பீரோ, உங்கள் சாவி, உள்ளே துப்பாக்கி என்றால் ஆளுகை உங்களுடையது. உரிமமில்லாமல் வைத்திருந்ததற்கு 25(1பி) பிரிவின்கீழ், 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறையும் அபராதமும். நல்ல எண்ணத்தில் செய்தது என்பது தண்டனையைக் குறைக்கக் கேட்க உதவலாம், வழக்கே வராமல் தடுக்காது. "துப்பாக்கி அவரிடம் இருக்கட்டும், தோட்டாவை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன்" என்பதும் சரிவராது. தோட்டாவுக்கும் அதே பிரிவுதான். கழற்றிய பாகங்களையும் சட்டம் ஆயுதம் என்றே வரையறுக்கிறது.

இதற்காக, பிள்ளை கையில் துப்பாக்கியைப் பார்த்தால் சட்டப் பிரிவை யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள். வாங்கி, குழலை ஆளில்லாத பக்கம் திருப்பி, அப்பாவிடம் ஒப்படையுங்கள். ஆபத்தைத் தவிர்க்கக் கணநேரம் கையாண்டதற்கும், எடுத்துப் பத்திரப்படுத்தி வைத்துக்கொள்வதற்கும் வித்தியாசம் உண்டு.

ஆக, பூட்ட வேண்டியவர் அப்பா. சாவி இருக்க வேண்டியதும் அவரிடம். அதையும் இன்றைக்கே செய்யச் சொல்லுங்கள்.

முதல் வேலை தோட்டாவை எடுப்பது. பிள்ளைகளை வீட்டின் மறுபக்கம் அனுப்பிவிட்டு அப்பாவே செய்யட்டும். குழலைத் தரைப் பக்கம் சாய்த்து, விரலை விசையிலிருந்து விலக்கி, மேல் லீவரைத் தள்ளிக் குழலை மடக்கித் திறக்க வேண்டும். இரண்டு தோட்டா அறைகளையும் கண்ணால் பார்ப்பதோடு விட்டுவிடாமல் விரல் நுனியை விட்டுத் தடவிப் பார்க்கட்டும். இரட்டைக்குழலில் வழக்கமாக நடக்கும் தவறு, ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை மறப்பது. மறதி உள்ளவரிடம் இது இன்னும் எளிதாக நடக்கும். பக்கத்தில் நின்று "இரண்டும் காலியா?" என்று கேளுங்கள், கேட்பதைச் சட்டம் தடுக்கவில்லை.

"சேஃப்டி போட்டுத்தான் வைத்திருக்கிறேன்" என்பார். பெரும்பாலான இரட்டைக்குழல்களில் சேஃப்டி விசையை மட்டுமே பிடித்து நிறுத்தும், உள்ளே இருக்கும் அடிப்பானைப் பிடிக்காது. அலமாரி மேலிருந்து விழுந்தால், தேய்ந்த பழைய துப்பாக்கி விசையைத் தொடாமலே வெடிக்கலாம். அடிக்கும் குதிரை வெளியே தெரியும் பழைய வெளிக்குதிரைத் துப்பாக்கி என்றால் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

எட்டாது என்பதும் அப்படித்தான். நாற்காலி மேல் ஸ்டூல் போடக் கற்றுக்கொள்ள 4 வயது போதும். விசை கெட்டியாக இருப்பதும் காவல் ஆகாது. ஒரு விரலால் இழுக்க முடியாத குழந்தை, துப்பாக்கியின் பின்கட்டையைத் தரையில் ஊன்றி, குழலைத் தன் முகத்தின் பக்கம் வைத்துக்கொண்டு, இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தும். தொடாதே என்று சொல்லி வைப்பதால் மட்டும் ஆசை அடங்கிவிடாது. சொல்லுங்கள், ஆனால் அதை நம்பிப் பூட்டாமல் இருக்காதீர்கள்.

பன்றிக் கதைக்கும் ஒரு வார்த்தை. ஆயுத உரிமம் இருப்பதாலேயே காட்டுப்பன்றியைச் சுட்டுவிட முடியாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதற்கு அதிகாரியின் தனி அனுமதி வேண்டும். அனுமதி இல்லாதவருக்கு இரவெல்லாம் தோட்டா போட்டு வைக்கச் சட்டம் ஒப்பும் காரணம் எதுவும் மிச்சமில்லை.

அடுத்தது வைக்கும் இடம். 28 அல்லது 30 அங்குலக் குழல் பீரோவின் உள் லாக்கரில் நுழையாது. அதனால்தான் துப்பாக்கிகள் அலமாரி மேலும் கட்டிலடியிலும் கிடக்கின்றன. உயரமான இரும்புப் பெட்டி ஒன்றைச் செய்து, உட்புறமிருந்து சுவரில் போல்ட் அடித்து நிறுத்துங்கள். வெளியே போல்ட் தெரிந்தால் ஸ்பானர் போதும், பெட்டியோடு தூக்கிப்போய்விடுவார்கள். சாதாரண பீரோப் பூட்டை நம்ப வேண்டாம், ஒரு பீரோவின் சாவி இன்னொன்றைத் திறப்பதும் உண்டு. துப்பாக்கியைக் குழல், முன்கட்டை, பின்கட்டை என மூன்றாகக் கழற்றி வைத்தால் பெட்டியே தவறித் திறந்திருந்தாலும் குழந்தையால் ஒன்றும் செய்ய முடியாது. விசையை மூடிப் பூட்டும் டிரிகர் லாக் போடுவதென்றால் காலித் துப்பாக்கியில் மட்டும். தோட்டா உள்ளே இருக்கும்போது மாட்டப் போனால் பூட்டே விசையை அழுத்திவிடலாம். கம்பிவடப் பூட்டான கேபிள் லாக் குழல் வழியாக நுழைந்து வெளிவருவதால் அது மாட்டியிருக்கும்வரை துப்பாக்கியை மூடவே முடியாது, இரட்டைக்குழலுக்கு அதுதான் நல்லது. தோல் உறையில் போட்டு மாதக்கணக்கில் வைக்காதீர்கள், ஈரம் கோத்துக் குழல் துருவேறும்.

தோட்டாக்களுக்கு வேறு பெட்டி, வேறு பூட்டு, முடிந்தால் வேறு அறை. இரண்டு சாவியும் ஒரே வளையத்தில் தொங்கினால் இரண்டு பூட்டு போட்டதாகவே ஆகாது. எண்ணி, எண்ணிக்கையைத் தேதியோடு அப்பா எழுதி வைக்கட்டும். மெத்தை அடியிலும் சட்டைப்பையிலும் மேசை இழுப்பறையிலும் உதிரித் தோட்டா கிடக்கிறதா என்று ஒருமுறை வீட்டைச் சலித்துவிடுங்கள்.

சாவியை ஆணியில் மாட்டுவதும் சாமி படத்துக்குப் பின்னால் வைப்பதும் வேண்டாம். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தை 7 வயதுப் பிள்ளைக்குத் தெரியாது என்று பெரியவர்கள்தான் நினைத்துக்கொள்கிறார்கள். அரைஞாணிலோ இடுப்புப் பையிலோ அப்பா உடம்போடு இருக்கட்டும்.

அவருடைய மறதியை நினைத்து உங்களுக்கும் ஒரு பிடி வேண்டும் என்றால், பெட்டிக்கு இரண்டாவது பூட்டு போட்டு அதன் சாவியை மட்டும் நீங்கள் வைத்துக்கொள்ளலாம். இரண்டு சாவியும் சேர்ந்தால்தான் திறக்கும் என்பதால் துப்பாக்கி மேல் உங்களுக்குத் தனி ஆளுகை இல்லை என்பது என் கருத்து. எதிர்வாதம் வராது என்று சொல்ல மாட்டேன். அதனால் இந்த ஏற்பாட்டை அப்பா கையொப்பத்தோடு உரிமம் வழங்கிய அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கி வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

இனி, ஏதாவது நடந்தால் யார் மேல் வழக்கு என்ற கேள்வி. பிள்ளைகளுக்கு எட்டும்படி துப்பாக்கி வைத்ததற்கென்று தனிக் குற்றப் பிரிவு நம் நாட்டில் இல்லை. அதைக் கேட்டு நிம்மதி அடைய வேண்டாம், இருக்கும் பிரிவுகளே போதும். உயிரிழப்பு நேர்ந்தால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவு: கவனக்குறைவால் மரணம் விளைவித்தல், 5 ஆண்டுவரை சிறையும் அபராதமும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 2 ஆண்டாக இருந்தது. கொடுங்காயம் என்றால் 125(பி), 3 ஆண்டுவரை. "நான் ஒன்றும் செய்யவில்லையே, சும்மா வைத்திருந்தேன்" என்ற வாதம் பெரிதாக எடுபடாது, ஏனென்றால் சட்டவிரோதமாகச் செய்யத் தவறுவதும் செயல் என்றே சட்டம் எடுத்துக்கொள்கிறது. துப்பாக்கியைப் பாதுகாப்பாக வைத்திருக்கும் பொறுப்பை உரிமதாரர் மேல் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் சுமத்துகின்றன. உரிம நிபந்தனையை மீறினால் ஆயுதச் சட்டம் 30ஆம் பிரிவின்கீழ் 6 மாதம்வரை சிறை அல்லது அபராதம் உண்டு, 17ஆம் பிரிவின்கீழ் உரிமமும் ரத்தாகலாம்.

விசையை அழுத்திய குழந்தை மேல் குற்றம் வராது. 7 வயது நிறையாத குழந்தையின் செயல் குற்றமே அல்ல என்கிறது சன்ஹிதாவின் 20ஆம் பிரிவு. 7 முதல் 12 வரை, விளைவைப் புரிந்துகொள்ளும் முதிர்ச்சி இல்லையென்றால் 21ஆம் பிரிவு காக்கும். ஆக, பழி பெரியவர்கள் மேல்தான் வந்து நிற்கும்.

அந்தப் பெரியவர்களில் நீங்களும் ஒருவர். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு, குழந்தையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் அதற்குத் துன்பம் நேரக்கூடிய விதத்தில் தெரிந்தே புறக்கணித்தாலோ ஆபத்துக்கு உட்படுத்தினாலோ 3 ஆண்டுவரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. தோட்டா போட்ட துப்பாக்கி எங்கே இருக்கிறதென்று உங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் உயிர் போனால் 1855ஆம் ஆண்டு மரண விபத்துச் சட்டப்படி இழப்பீட்டு வழக்கும் தனியாக வரும், அதற்குக் கெடு 2 ஆண்டு. இன்னொன்று: பேரன் துப்பாக்கியைப் பிடித்தபடி எடுத்த படம் யார் கைப்பேசியிலாவது இருந்தால், கவனக்குறைவை நிரூபிக்க அரசு வழக்கறிஞருக்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது.

அண்ணன் பெயருக்கு மாற்றலாம். உரிமதாரருக்கு 70 வயது நிறைந்தாலோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, இரண்டில் எது முந்துகிறதோ அப்போது, தான் பரிந்துரைக்கும் வாரிசுக்கு உரிமம் கேட்க 2016 விதிகளின் 25ஆம் விதி இடம் தருகிறது. உங்கள் அப்பாவுக்கு இரண்டுமே பொருந்துகிறது. ஆனால் இது சொத்துப் பெயர் மாற்றம் போல அல்ல. அண்ணன் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், காவல்துறை விசாரணை நடக்கும், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதமும் கேட்பார்கள். மாவட்டங்களில் ஆட்சியரிடமும், மாநகரக் காவல் எல்லைகளில் காவல் ஆணையரிடமும் விண்ணப்பிக்கலாம். உரிமம் அண்ணன் கைக்கு வரும்வரை துப்பாக்கியை அவர் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. அவர் வேறு வீட்டில் இருக்கிறார் என்றால் உங்களுக்கு இதுதான் நல்ல தீர்வு, துப்பாக்கியே பிள்ளைகளை விட்டுப் போய்விடும்.

அதற்கு மாதங்கள் ஆகலாம். அதுவரை, ஆயுதங்களைப் பாதுகாப்பில் வைக்க உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் அப்பாவே ஒப்படைக்கலாம். தேர்தல் காலத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைத்துப் பழகியவர் என்றால் இது அவருக்குப் புதிதாக இருக்காது. "பறித்துக்கொண்டார்கள்" என்ற எண்ணமும் வராது, உரிமமும் அவர் பெயரிலேயே இருக்கும். பேச்சை இங்கிருந்து தொடங்கிப் பாருங்கள்.

எதற்கும் இசையவில்லை, மறதியும் கூடுகிறது என்றால் உரிமம் வழங்கும் அதிகாரிக்கு மருத்துவச் சான்றோடு நீங்கள் எழுதலாம். உரிமதாரர் தகுதியற்றவராகிவிட்டார் என்று கருதினால் 17(3) பிரிவின்கீழ் அதிகாரி உரிமத்தை நிறுத்தி வைக்கலாம், ரத்து செய்யலாம். ஒருவரிடம் ஆயுதம் இருப்பது பொதுப் பாதுகாப்புக்கு ஆபத்து என்று நம்பக் காரணம் இருந்தால், உரிமம் இருந்தாலும் ஆயுதத்தைக் கைப்பற்ற நடுவருக்கு (மாஜிஸ்திரேட்) ஆயுதச் சட்டத்தின் 22ஆம் பிரிவில் அதிகாரம் உண்டு. பெற்ற தகப்பன் மேல் மனுக் கொடுப்பது கசப்பாகத்தான் இருக்கும். அது அவர் மேல் குற்றச்சாட்டு அல்ல, வழக்கும் அல்ல. ரத்து உத்தரவு பிடிக்காவிட்டால் அவர் 18ஆம் பிரிவின்கீழ் மேல்முறையீடு செய்துகொள்ளலாம்.

அப்பா திடீரென்று மருத்துவமனையில் படுத்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் இப்போதே யோசித்து வையுங்கள். அவருக்காகத் துப்பாக்கியை நீங்கள் எடுத்துப்போக 3ஆம் பிரிவு தரும் சலுகை, பழுதுபார்ப்பு, புதுப்பித்தல், அவருடைய உபயோகம் ஆகியவற்றுக்கு மட்டும்தான், அதுவும் அவர் முன்னிலையில் அல்லது எழுத்து மூலமான அனுமதியோடு. எனவே காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி அவர்களையே வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உரிமதாரர் காலமானாலும் 21ஆம் பிரிவுப்படி வீண் தாமதமின்றி நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைத்துவிட வேண்டும், காரியம் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உரிமப் புத்தகத்தின் எல்லாப் பக்கங்களுக்கும் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒப்படைக்கும்போது வாங்கும் ரசீதில் துப்பாக்கியின் வகை, எண், தோட்டாக்களின் எண்ணிக்கை, தேதி, பெற்றவரின் கையொப்பம் எல்லாம் இருக்கிறதா என்று அங்கேயே சரிபார்த்துவிட்டு வாருங்கள்.